காதுக்கு மட்டும் ஒரு துளை

நான் கணக்குப் பார்க்கும் போர்வெல் கம்பெனி ஆபீஸில் எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். எல்லோரும் ஸ்வீட் எங்கே என்று கேட்டார்கள். நான் அதன் ஓரத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன்.

பழைய லேப்டாப்பின் ஓரம் முழுக்கத் துளைகள் இருந்தன. டிவிக்கு ஒன்று, பென்டிரைவுக்கு ஒன்று, மவுசுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், விரலால் தடவினாலே தெரிந்துவிடும். புதியதில் இடது பக்கம் இரண்டே துளைகள். இரண்டும் சி டைப், இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல. வலது பக்கம் மொட்டை. இயர்போன் சொருகத் துளையே இல்லை.

"இப்பல்லாம் அல்லாரும் ப்ளூடூத்துதானுங்க்கா" என்றான் சரவணக்குமார். டீசல் கணக்குப் பார்க்கிறவன், நல்ல பையன், கேட்காமலே உதவி செய்வான். அதுதான் அவனிடம் உள்ள குறை.

ஓர் இயர்போன் துளைக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. விழித்திரை நோய். சின்ன வயதிலிருந்தே மாலைக்கண் என்று நினைத்திருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாட்டுப் பார்வை சுருங்க ஆரம்பித்தது. இப்போது போர்வெல் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் உலகம் தெரிகிறது. ஆள் தெரியும், வாசல் தெரியும். எழுத்து மட்டும் கரைந்துபோகிறது. சேலத்து டாக்டர் பார்வை இனிக் குறையுமே தவிர கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு வருடமாக லேப்டாப்பில் திரை வாசிப்பான் போட்டு வைத்திருக்கிறேன். திரையில் இருப்பதை அது படிக்கும், நான் இயர்போனில் கேட்பேன். மிக வேகமாகப் படிக்க விட்டுப் பழகிவிட்டேன். முடிக்குள் மறைத்த அந்த ஒற்றை இயர்போனை, டிரைவர்களோடு போன் பேச வைத்திருப்பது என்று ஆபீஸில் எல்லோரும் நம்புகிறார்கள்.

முதலாளியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று என் வீட்டுக்காரர் சந்திரசேகரும் மத்தியப் பிரதேசத்திலிருந்து போன் செய்யும்போதெல்லாம் சொல்வார். அவர் வேறொரு கம்பெனியில் போர் போடும் ரிக் வண்டியில் இருக்கிறார், வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவார். அவருக்கென்ன, சொல்லுவார். ஆண்டி என்ற கம்ப்ரசர் லாரி டிரைவர் கண் பரிசோதனையில் தேறாதபோது, கணக்கு முடித்து அனுப்பும் கடிதத்தை எங்கள் முதலாளி அர்த்தநாரி அண்ணன் சொல்லச் சொல்ல டைப் செய்தவள் நான். இருபது வருடம் வண்டி ஓட்டியவர். கடிதம் நான்கே வரி. திருச்செங்கோட்டில் ரிக் தொழிலில் கண் போனால் சோறு போச்சு. லாரிக்கு அது சரி. கணக்குப் பார்க்கிறவளுக்கு வேறு நியாயம் வைப்பார் என்று எந்த தைரியத்தில் நம்புவது?

ப்ளூடூத் எனக்கு ஆகாது. விசையை அழுத்தி அரை மூச்சு கழித்துத்தான் சொல் காதுக்கு வருகிறது. அதற்குள் நான் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பேன். கம்பிதான் வேண்டும். திங்கட்கிழமைதோறும் ரிக் ரிப்போர்ட்டை ஹாலில் உள்ள பெரிய டிவியில் போட்டு, முதலாளிக்கு வாசிக்க வேண்டியவளும் நானே. ஆக டிவிக்குப் படம் போக வேண்டும், காதுக்குச் சத்தம் வர வேண்டும், சார்ஜும் ஏற வேண்டும். இருக்கிற இரண்டு துளையில் இத்தனையும் நடக்காது. ஒரு துளையைப் பல துளையாக்கும் ஹப் ஒன்று வாங்குவது தவிர வழியில்லை.

சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். திருச்செங்கோட்டிலேயே கடை இருக்கிறது. ஆனால் அந்தக் கடைக்காரருக்குச் சரவணக்குமார் சிநேகிதன்.

"அஞ்சு போர்ட் இருக்குதுங்க, ஏழு இருக்குதுங்க, பதினொண்ணே இருக்குதுங்க" என்று கடைக்காரர் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தார். அவர் விற்பனை முழுக்க எண்ணிக்கையில்தான் இருந்தது. பதினொன்றில் பாதி எனக்கு எதற்கு? ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். பதினொரு போர்ட் வைத்தவன் இயர்போன் துளையை மட்டும் மறந்திருந்தான். ஏழு போர்ட்டில் இருந்தது.

"இத மாட்டுனா படம் டிவிக்குப் போகோணும். சத்தம் போகக் கூடாது. சத்தம் இந்தத் துளையில மட்டும் வரோணும். ஆகுங்களா?"

"சத்தம் டிவில வரலீங்கன்னுதான் ஆளுங்க சண்டைக்கு வருவாங்க. வரக் கூடாதுன்னு நீங்கதான் மொதல் ஆளு" என்று சிரித்தார்.

"அதெல்லாம் உங்களுக்கெதுக்குங்க? ஆகுமா, ஆகாதா?"

குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, என் லேப்டாப்பை வாங்கிக் கடை மானிட்டரில் மாட்டிப் பார்த்தார். முதல் துளையில் படம் வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டாவதில் மாட்டினார், வந்தது. எல்லா சி டைப் துளையும் படம் அனுப்பாது, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சிலது சார்ஜுக்கு மட்டும்தான் என்றார். கைப்பையிலிருந்து ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து அந்த நல்ல துளைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். "ஹப்புலயே சார்ஜர் சொருகவும் எடம் இருக்குதுங்க. எல்லாம் ஒரே வயர்ல முடிஞ்சுரும்" என்று பெருமையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து டிவியில் மாட்டினேன். மாட்டியதும் என் திரை வாசிப்பான் டிவிக்குள் தாவிப் போய் வீடு அதிரக் கத்தியது. ப்ளஸ் ஒன் படிக்கிற என் மகள் கனிஷ்கா குளியலறையிலிருந்து, "அம்மா, ஊட்டுக்குள்ள யாரு?" என்று அலறினாள். அவளும் நானும் உட்கார்ந்து, வாசிப்பானின் செட்டிங்ஸுக்குள் போய், ஹப்பின் இயர்போன் துளையில் மட்டும்தான் பேச வேண்டும் என்று கட்டிப்போட்டோம். டிவி வாயை மூடியது. ஞாயிறு முழுக்க மாட்டியும் கழற்றியும் பார்த்தேன். ஒரு முறைகூடப் பிசகவில்லை. அப்படியும் அன்று இரவு சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை வரைக்குமான ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஹாலில் முதலாளி, சரவணக்குமார், நான். முதலாளி எப்போதும்போல டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொட்டைத் தடவிப் பார்த்து ஹப்பை மாட்டினேன். படம் டிவியில் வந்தது. இயர்போனில் குரல் ஓடியது. முதல் வண்டி கர்னூல், நேற்று இரண்டு போர், தண்ணீர் நல்ல தண்ணீர். வாசித்தேன். இரண்டாவது வண்டியும் ஆனது. நானே கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது முதலாளி, "ஏண்டா சரவணா, என்ற போனு சாகப் போகுது. சார்ஜரு இருக்குதா?" என்றார்.

"அக்காளுது இருக்குதுங்கண்ணா. எல்லாம் சி டைப்புதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஹப்பிலிருந்த சார்ஜர் வயரை உருவிவிட்டான். ஹப் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. டிவி கறுத்து மறுபடி வந்தது. என் காதில் சத்தமில்லை. இயர்போன் துளையைக் காணாத வாசிப்பான் வேறு வாசல் தேடி, திறந்து கிடந்த டிவிக்குள் போய்விட்டது.

"வரிசைமூணுபிநெடுவரிசைஅனந்தபூர்வரிசைமூணுசிநெடுவரிசை" என்று டிவி முழுச் சத்தத்தில் கொட்டியது. நான் பழகிய அந்த வேகத்தில்.

முதலாளி எழுந்தே விட்டார். "என்ன எழவுடா இது?"

மூளை யோசிப்பதற்கு முன்னால் என் வாய் யோசித்துவிட்டது. "வைரஸுங்கண்ணா" என்றேன்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

"வைரஸா? கம்பெனிக் கணக்கு அத்தனையும் அதுலதான இருக்குது! டேய், இப்பவே அத எடுத்து உடு!"

"நா அப்பறமாப் பாத்துக்கறனுங்கண்ணா" என்றேன்.

"அப்பறமென்ன அப்பறம்? நீங்க இருங்க்கா, நா எடுத்துடறேன்" என்று சரவணக்குமார் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கெட்டிக்காரன், உடனே கண்டுபிடித்தான். அவன் மவுஸ் போகிற இடமெல்லாம் வாசிப்பான் டிவியில் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியில், "இந்த நிரலை நீக்க வேண்டுமா? ஆம், பொத்தான்" என்றது. தன்னைத் தூக்கில் போடலாமா என்று அதுவே சபைக்கு முன் கேட்டது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆண்டியின் நான்கு வரிக் கடிதம் கண்முன் வந்தது. நான் சொல்லவில்லை. அவன் பொத்தானை அழுத்தினான், பாதிச் சொல்லில் வாசிப்பானின் குரல் அறுந்தது.

"போயிருச்சுங்க்கா!" என்றான் சந்தோஷமாக.

லேப்டாப் என் முன் திரும்ப வந்தது. திரையில் வெளிச்சம் இருந்தது, அவ்வளவுதான். இருட்டறையில் கதவைச் சாத்தியதுபோல இருந்தது எனக்கு. முதலாளி உட்கார்ந்து, "செரி அம்மிணி, அனந்தபூர் வண்டியப் படி" என்றார்.

மனப்பாடம் இருக்கிறதே என்று தைரியமாக ஆரம்பித்தேன். "அனந்தபூர் வண்டி ஓட்டத்துல இருக்குதுங்கண்ணா. எரநூறு அடி போயிருக்குது, இன்னிக்கு முடிச்சுருவாங்க."

முதலாளி ரிமோட்டைக் கீழே வைத்தார். 

"அம்மிணி," என்றார் முதலாளி மெதுவாக, "செவப்புல பெருசா, சுத்தியல் மாட்டிக்கிச்சு, வண்டி நிக்குதுன்னு எழுதியிருக்குது. நீ ஓடுதுங்கற?"

"காலைலதானுங்க்கா மாத்துனேன். நீங்க பாக்கலீங்களா?" என்றான் சரவணக்குமார்.

துளையிடும் சுத்தியல் பூமிக்குள் மாட்டிக்கொண்டால் விளையாட்டில்லை. ஆட்கள் அங்கே வெயிலில் காத்துக் கிடப்பார்கள், மாற்றுச் சாமான் இன்றைக்கே லாரி ஏற வேண்டும். என் ஒரு பொய்யால் அவர்களுக்கு ஒரு நாள் போயிருக்கும். முழுப் பூசணிக்காயை ஒரு வருடம் சோற்றில் மறைத்தாயிற்று. இனிமேல் சோறு இல்லை.

"அண்ணா, என்ற கண்ணுக்கு எழுத்துத் தெரியறதில்லீங்க" என்றேன். "ஒரு வருசமாச்சு. சரவணன் எடுத்தது வைரஸில்லீங்க. அதுதான் எனக்கு எல்லாத்தையும் படிச்சுச் சொல்லும். டிவில வந்தது அந்தக் கொரல்தானுங்க."

அழக் கூடாது என்றுதான் நினைத்தேன். அழுதேன். பயத்தில்தான் அழுதேன், வெட்கத்தில் அல்ல.

"ஒரு வருசமா எங்கிட்டச் சொல்லல" என்றார். குரலில் கோபம் நன்றாகவே தெரிந்தது. "இன்னிக்கு அனந்தபூர் என்ன ஆயிருக்கும் தெரியுமா?"

"தெரியுமுங்க. சொல்லியிருந்தா என்னைய வெச்சிருப்பீங்களாண்ணா?"

அவர் போனை எடுத்தார். ஆண்டியை நினைத்தாரோ என்னவோ. முதலில் யாருக்கோ போன் போட்டு, அனந்தபூருக்குச் சாமான் ஏற்றச் சொன்னார். அப்புறம், "டேய், எடுத்தியல்ல, அத மறுக்காப் போட்டுக் குடு" என்றார். சரவணக்குமார் மறுபடி இறக்கி ஏற்றினான். அதற்குள் டீ வந்து ஆறிப்போனது. 

குரல் டிவியிலேயே திரும்ப வந்தது. காதுக்கு மாற்றவா என்று சரவணக்குமார் கேட்டான். வேண்டாம் என்றேன். வழக்கமான வேகத்தை வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அது கொட்டக் கொட்டக் கேட்டு, மீதி வண்டிகள் அத்தனையையும் வாசித்து முடித்தேன். ஒரு எண்கூடத் தவறவில்லை. முதலாளி டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார் என்று மட்டும் தெரிந்தது. முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

அவர் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். உள்ளே வா என்று கூப்பிடப் போகிறார், கடிதம் டைப் செய்யச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அடுத்த வாரம் அத மெதுவாப் பேச வெய்யி, அம்மிணி. ஒரு மண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் செருப்புச் சத்தம் தேயும் வரை நான் அசையவில்லை.

"சரவணா, அண்ணன் என்ன சொன்னாரு?"

"மெதுவாப் பேச வெக்கச் சொன்னாருங்க்கா."

"அதில்ல. அதுக்கு முன்னால."

"அடுத்த வாரம்னாருங்க."

"இன்னொருக்காச் சொல்லு" என்றேன்.