முன்மொழிபவர் கையெழுத்து

எங்கள் எம்.எல்.ஏ. சங்கரலிங்கத்துக்கு நல்ல கையெழுத்து. பச்சை மையில் 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதி, கீழே வாலை நீட்டிச் சுழித்து, மனுவை நம் கையிலேயே திருப்பித் தருவார். பார்த்தால் காரியம் முடிந்துவிட்ட மாதிரியே இருக்கும். அந்த மாதிரி பதினொரு கையெழுத்து இருளம்மாள் அக்காவிடம் இருந்தது. பதினொரு மனுவையும் டைப் அடித்தவள் நான், பிரிஸ்கில்லா. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே மனு அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

மம்சாபுரம் தாண்டி, அக்காவின் தெருவுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. நாலு சிமெண்டுக் குழாயைப் பதித்து மேலே கான்கிரீட் போட்டால் போதும். கேட்டது அவ்வளவுதான். ஏழாவது மனு கொடுத்த வருஷம், ஐப்பசி மழையில் அக்காவின் மகள் பானுப்பிரியாவுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றது. இக்கரையில் பிள்ளை பிறந்தது, அழவே இல்லை. எட்டாவது மனுவில் பிள்ளை செத்ததையும் சேர்த்து அடித்தேன். அந்த மனுவிலும் அதே பச்சை மை, அதே வால். பாவி மனுஷன், என்ன ஏது என்று கூடக் கேட்கவில்லை.

இப்போது பானு மறுபடி ஐந்து மாதம். பேறுகாலம் இந்த ஐப்பசியில்.

பன்னிரண்டாவது மனுவுக்கு அக்கா வந்தபோது எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "யக்கா, அந்தாளு ஒரு எழுத்து வாசிக்கதில்ல. எதை நீட்டுனாலும் போடுவாரு. இந்தத் தடவ வேற ஒண்ண நீட்டுவோம்."

அது ஜனாதிபதித் தேர்தல் நேரம். ஜனாதிபதிக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் போடுகிறார்கள். நிற்க விரும்புகிறவரை அவர்களில் ஐம்பது பேர் முன்மொழிய வேண்டும், வேறு ஐம்பது பேர் வழிமொழிய வேண்டும். ஒருவர் ஒரே ஒரு வேட்புமனுவில்தான் கையெழுத்துப் போடலாம். இரண்டில் போட்டால், முதலில் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்த மனுவில் போட்டதுதான் செல்லும். மற்றது செல்லாது.

"நான் சனாதிபதிக்கு நிக்கணுமா? ஏட்டி, ஒனக்குக் கோட்டி புடிச்சிருச்சா?"

"நீ செயிக்க வேண்டாம்க்கா. அந்தத் தாள்ல அவரு கையெழுத்து இருந்தாப் போதும்."

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆளைப் பிடித்தோம். மனுவுக்கு அடியில் இருளம்மாள் பெயரில் வேட்புமனு. உதவியாளர் பாண்டிதுரை தாளைப் புரட்டி, போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். எம்.எல்.ஏ. போனிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டிலும் போட்டார். தேதியும் போட்டார், புண்ணியவான். "பாத்துக்கிடலாம்மா" என்றார்.

நாலு நாள் கழித்து, கட்சி வேட்பாளரின் மனுவில் அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடும் படம் பேப்பரில் வந்தது. கடைசி நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. கட்சி அந்த நாளில்தான் மனுவைக் கொடுப்பதாக இருந்தது. எங்கள் தாள் அதற்கு முந்திப் போய்ச் சேர்ந்தால், கட்சி மனுவில் அவர் போட்டது செல்லாது. நான் எங்கள் தாளைப் போட்டோ எடுத்து பாண்டிதுரைக்கு அனுப்பினேன். அக்காவுக்கும் எனக்கும் அடுத்த வியாழக்கிழமைக்குப் போட்டிருந்த டெல்லி ரயில் டிக்கெட்டையும் அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் கார் என் கடை வாசலில் நின்றது. ஐந்து வருஷமாக நாங்கள் வாசலில் காத்துக் கிடந்த மனிதர் என் பிளாஸ்டிக் நாற்காலியில் வேர்த்து வழிய உட்கார்ந்தார்.

"எம் பொழப்பக் கெடுத்துராதிய தாயி. கட்சியில தோல உரிச்சிருவாக. அந்தத் தாளக் குடுங்க. பாலத்துக்கு இப்பமே கையெழுத்துப் போட்டுத் தாரேன்." சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கி ரோட்டில் எறிந்திருப்பேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"கையெழுத்து எங்கிட்ட பன்னெண்டு கெடக்கு. நீ கொழாயக் கொண்டா. வண்டி ஏறணுமா வேண்டாமான்னு ஓடையப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையிலேயே ஜே.சி.பி. வந்து இறங்கியது. இத்தனை வருஷமும் நிதி இல்லை, எஸ்டிமேட் வரவில்லை, அது வேறு துறை என்று சொன்னார்களே, அதில் ஒன்றுகூட அன்றைக்கு ஒருவர் வாயிலும் வரவில்லை. குழாய் வந்தது, கம்பி வந்தது, ஆள் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் கான்கிரீட்டின் மேல் ஈரச் சாக்கு விரித்துக் கிடந்தது.

எம்.எல்.ஏ. சால்வையோடு வந்தார். தெருவே கைதட்டியது. பாண்டிதுரை என்னிடம் தாளுக்குக் கையை நீட்டினார். நானும் பையைத் திறந்தேன்.

"செத்த இரு" என்றாள் அக்கா. ஓரமாகப் பலகையில் கால் வைத்து அந்தக் கரைக்குப் போனாள். ஆம்புலன்ஸ் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து எம்.எல்.ஏ. முன்னால் நின்றாள்.

"எத்தன நாளு ஆச்சு?"

"ஆறே நாளும்மா" என்றார் அவர் பெருமையாக. "வேற எவனாவது முடிச்சிருப்பானா?"

"ஆறு நாளு வேலையா இது?" என்றாள் அக்கா. "ஆறு நாளு வேலைக்கா எம் பேரன நான் மண்ணுக்குக் குடுத்தேன்?"

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டே கீழே பார்த்தார். அக்கா என் பையை மூடினாள்.

"பிரிஸ்கில்லா, டிக்கெட்டு நாளைக்குத்தான?"

"ஆமாக்கா."

"ஏறுவோம்."