கிபோங் சமைக்காத சூப்பு

உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்வதெல்லாம் சுன்னேயின் உடம்புக்கு ஆகாது. இந்த ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொள்வதற்குள் அவள் புருஷன் கிபோங்குக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பழுப்பரிசி கூடாதாம், பட்டை தீட்டிய வெள்ளை அரிசிதான் நல்லதாம். கீரை, பூசணி, உருளைக்கிழங்கு எதையும் அப்படியே சமைத்துப் போடக் கூடாதாம். உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட் ஒன்றை வாங்கிப்போய் ஆஸ்பத்திரியில் ஆசையாகக் காட்டினார். டயட்டீஷியன் பெண் போரா அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஐயா, இதுல சோடியத்துக்குப் பதிலாப் பொட்டாசியத்தைப் போட்டிருக்கான். உங்க வீட்டம்மாவோட கிட்னி அதை வெளியே தள்ள முடியாமத்தான் திணறிட்டிருக்கு. சாதா உப்பே தேவலை. அதுவும் துளியூண்டு."

ஜேச்சான் நகரத்தில் ஆயுசு முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர் கிபோங். சிவப்பென்றால் நில், பச்சையென்றால் போ என்பது ரத்தத்தில் ஊறிய மனுஷர். இங்கேயோ பச்சை இலைதான் ஆபத்து. இதை எங்கே போய்ச் சொல்வது?

சுன்னேயின் கையில் விட்டால் உப்புக் கரிக்கும் சோயா விழுதைக் கரண்டி கரண்டியாகப் போட்டுவிடுவாள் என்று சமையலறையை அவரே எடுத்துக்கொண்டார். அதுவரை அந்த அறையில் அவருக்குத் தெரிந்தது ஃபிரிட்ஜ் மட்டும்தான். போரா சொன்னபடி காயைப் பொடியாக நறுக்கி ஊறப்போடுவார். பெரிய பானையில் நிறையத் தண்ணீர் வைத்து வேகவிடுவார். வெந்ததும் வடித்து, பிழிந்து, எள்ளெண்ணெயில் பிரட்டித் தராசில் நிறுத்து வைப்பார். மருந்துக்கடைக்காரன்கூட அவ்வளவு பார்க்க மாட்டான்.

ஒரே ஒரு வேலையைத்தான் விட்டுக்கொடுத்தார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த தோளால் அந்தப் பானையைத் தூக்கிக் கவிழ்க்க முடியவில்லை. "வடிக்கிறதையாவது நான் பண்றேன், முழுசா மூலையில உட்கார வெச்சுடாதீங்க" என்றாள் சுன்னே. சரி என்றார்.

அதோடு இன்னொன்றையும் அவள் பிடுங்கிக்கொண்டாள். அவளுடைய சப்பென்ற சாப்பாட்டையே தானும் சாப்பிட்டு கிபோங் இளைத்துப் போய்க்கொண்டிருந்தார். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

"உங்களுக்கு என்ன கேடு? கிட்னி போனது எனக்கா உங்களுக்கா? சூப்பு இல்லாம வெறும் சோத்தை எப்படிங்க முழுங்குவீங்க? உங்களுக்கு மட்டும் நான் சூப்பு வைக்கிறேன்."

"நீ குடிக்கக் கூடாது."

"நான் எதுக்குக் குடிக்கிறேன்?"

பேச்சு அப்படித்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே சூப்புச் சட்டியில் கரண்டி விட்டுச் சாப்பிட்டவர்கள். அவர் வாயைத் தொட்ட கரண்டி, அவள் வாயைத் தொட்ட கரண்டி என்று பார்த்ததில்லை. இப்போது சட்டி அவர் பக்கம் தள்ளி இருந்தது. சுன்னே ஒன்றும் கேட்க மாட்டாள். பூண்டும் சோயாவும் மணக்க ஆவி பறக்கும் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு வெள்ளைச் சோற்றை மெல்லுவாள். எந்த ஆம்பிளையால் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியும்? கடைசியில் மிஞ்சும் அரைக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளிவிடுவார். அதில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று கணக்குப் பார்த்து, அடுத்த வேளை அவளுடைய காயில் அந்த உப்பைக் கழித்துவிடுவார். நான்தான் கழித்துவிட்டேனே என்று மனசும் சமாதானமாகிவிடும்.

அந்த மாத ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி பார்ப்பார்களாம், இறங்கவில்லையென்றால் டயாலிசிஸ்தானாம். சுன்னேயின் முகம் வெளுத்துப்போனது. அவளுடைய அக்கா அந்த மெஷினுக்குப் போய்ப் போய் வந்துதான் ஓய்ந்துபோனாள். 'என்னை மட்டும் அங்கே படுக்க வெச்சுடாதீங்க' என்று கிபோங்கிடம் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டிருந்தாள்.

"பழம் ஏதாவது? கீரை ஜூஸ்? மூலிகைக் கஷாயம்?" என்று போரா துருவினாள்.

"நான் சமைக்கிற ஒவ்வொன்னையும் நிறுத்துத்தான் போடறேன்மா" என்றார் கிபோங். அது சத்தியம். அவர் சமைத்ததைப் பற்றி மட்டும்தானே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் பித்துப் பிடித்தமாதிரி ஆகிவிட்டது. எங்கிருந்து ஏறுகிறது? கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற ஃபிரிட்ஜைக் குடைந்தார். அலமாரியைக் கொட்டினார். அவள் கோட்டுப் பைக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தார். அவள் ஒளித்துவைத்த காய்ந்த சீமைப்பனிச்சம் பழம் ஒன்றாவது அகப்படாதா, அகப்பட்டால் காரணமாவது தெரியுமே என்று இருந்தது. ஒன்றும் இல்லை.

"உண்மையைச் சொல்லிடு சுன்னே. என்ன திங்கிற?"

"நீங்க போடறதைத்தான்."

"அப்போ எப்படி ஏறும்?"

"என்னைக் கேட்டா? திருடியைத் தேடற மாதிரி என் பையைக் குடையறீங்க. இத்தனை வருஷம் பஸ்ஸுல டிக்கெட் இல்லாதவனைக்கூட நீங்க இப்படிப் பார்த்ததில்ல."

இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிபோங்குக்கு அவமானமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. காயை இன்னும் பொடியாக நறுக்கினார், இன்னும் அதிகத் தண்ணீரில் வேகவைத்தார். அதைவிட என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கீரை வெந்துகொண்டிருக்கையில் முட்டை வாங்கக் கிளம்பியவர், பர்ஸை மறந்துவிட்டோமே என்று பாதிப் படியில் திரும்பினார். கதவைத் திறந்தால் சுன்னே பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் வடிதட்டு. வடிதட்டுக்குக் கீழே சூப்புச் சட்டி. பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் அதில் இறங்கியது. அவள் அதை அடுப்பில் ஏற்றி, சோயா விழுதைக் கரைக்க ஆரம்பித்தாள்.

"சுன்னே, என்ன பண்ற?"

"உங்க சூப்பு."

"அந்தத் தண்ணியிலயா?"

"பின்னே? எனக்கு ஆகாத கீரையை நீங்க துவைச்சுக் காயப்போட்ட மாதிரி பண்ணிடறீங்க. சத்தெல்லாம் தண்ணியில இறங்கிடுது. அதைக் கொட்டறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? எலும்பும் தோலுமா ஆயிட்டிருக்கீங்க. உங்க உடம்புலயாவது அது சேரட்டும்னுதான்."

கிபோங் வடிக்கச் சொன்னாரே ஒழிய, எதற்கு வடிக்கிறோம் என்று அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. காய் வெந்த தண்ணீரைக் கொட்டிப் பழகிய வீடா இது?

"அந்தச் சத்துதான், அந்தப் பொட்டாசியம்தான் உனக்கு வெஷம். அதைக் கொட்டறதுக்குத்தான் வேகவைக்கிறதே."

அவளுக்குப் புரியவில்லை. "நான் உங்களுக்குத்தானே வெச்சேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"எனக்கு ஆகாது."

"அப்புறம் என்ன?"

அவர் திரும்பிச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அரைக் கிண்ணம் ஒவ்வொரு வேளையும் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போனது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"நான்தான் குடுத்தேன்" என்றார் கிபோங். "உன் பையைக் குடைஞ்சேன். குடுத்தது நான்."

சுன்னே அடுப்பை அணைத்தாள். சட்டியைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள். அன்று மேஜையில் சூப்பு இல்லை. அவள் பழக்கதோஷத்தில் கரண்டியை நீட்டி, நடுவில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து மடக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பொட்டாசியம் இறங்கியிருந்தது. டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். கிபோங் போராவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளோ, "இனிமே ஒரே சட்டி வேண்டாம் ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் மாட்டெலும்பு சூப்புக் கடை. சுன்னே நின்றாள்.

"போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் இங்கே உட்கார்ந்திருக்கேன்."

"நீ இல்லாம நான் மட்டுமா?"

"வீட்டுல வெச்சா நீங்க குடுத்துடுவீங்க, நான் குடிச்சுடுவேன். நம்ம ரெண்டு பேரையும் நம்ப முடியாது. போங்க."

உள்ளே வெள்ளை வெளேரென்று சூப்பு கொதிக்கக் கொதிக்க வந்தது. இது துரோகமா, அவள் சொல் கேட்பதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு தெரிந்தது. முழுவதையும் குடித்தார். கடைசி அரைக் கிண்ணம்தான் லேசில் இறங்க மாட்டேன் என்றது.

வெளியே வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"சப்புன்னு இருந்துச்சு. உப்பே போடல."

"குனியுங்க."

சாராயம் குடித்துவிட்டு வந்தாரா என்று அந்தக் காலத்தில் பார்ப்பாளே, அதேமாதிரி அவர் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தாள். ஒரு முறை இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தாள்.

"பொய் சொல்றீங்க" என்றாள். "நல்லா இருக்கு."