கல்யாணத்தன்று பார்த்த எலி

தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ‘திக்திக்’. நல்ல தச்சன்; ஆனால் ஃபோன் அடித்தாலே நெஞ்சு துள்ளும். வாலிபத்தில் அந்தப் பயத்தைக் குடியில் அமுக்கப் பார்த்தான். குடி அவனை அமுக்கியது. படாத பாடுபட்டு அதிலிருந்து மீண்டிருந்தான்.

கல்யாணத்தன்று காலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

“அக்கா, ஒரே ஒரு மடக்கு. நடுக்கம் நின்னுடும்.”

அக்கா திட்டவில்லை. “வெளிய வா. என் ஆய்வுக்கூடத்துக்குப் போயிட்டு வரலாம்.”

“கல்யாணச் சட்டையோடயா?”

“எலிங்க ஒண்ணும் நினைச்சுக்காது.”

அவனைக் கண்ணைவிட்டு அகலவிடாத அம்மாவும் காரில் ஏறிக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தில் பாதி இருட்டும் பாதி வெளிச்சமுமாக ஒரு பெட்டி. இருட்டு மூலையில் ஒரு எலி ஒடுங்கியிருந்தது.

“இது வயித்துல இருக்கறப்போ தாய் எலிக்கு ஓயாத பதற்றம். அதுல குட்டியோட மூளை ரசாயனம் கொஞ்சம் மாறிடுச்சு. பொறந்ததுலேர்ந்து பயம்; வெளிச்சத்துக்கே வராது. தண்ணியும் சாராயம் கலந்த தண்ணியும் வெச்சா, இந்த மாதிரி எலிங்க ரெண்டாவதைத்தான் அதிகமா தேடுது.”

அம்மாவின் முகம் வாடியது. “இவன் வயித்துல இருக்கறப்பதான் உங்கப்பாவுக்கு வேலை போச்சு. அழுதுக்கிட்டே இருந்தேன். அப்போ நான்தானா?”

“உன் தப்பே இல்லம்மா. எலியை வெச்சு மனுஷனை முழுசா அளக்கவும் முடியாது. இவன் கோழை இல்லன்னு சொல்லத்தான் கூட்டிட்டு வந்தேன்.”

“அப்போ ரோஷம் கெட்டவன்னு என்னை நானே திட்டிக்கிட்டது?” என்றான் தம்பி.

“வீண். பயம் குறையுதான்னு பார்க்க இதைக் கொஞ்ச நாளா பெரிய கூண்டுல துணையோட வளர்க்கறோம். பொறுத்திருந்து பாரு.”

வெளிச்சத்தின் பக்கம் ஒரு மூக்கு நீண்டது. பிறகு மீசை. பிறகு முழு எலியும் வந்து நட்டநடுவில் உட்கார்ந்து முகம் கழுவத் தொடங்கியது.

“பாரு, மாப்பிள்ளை ரெடி ஆகறாரு!” என்றாள் அம்மா. தம்பி வயிறு வலிக்கச் சிரித்தான்.

பதிவு அலுவலக வாசலில் பஸ் ஓட்டுநரான மணப்பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எங்க போனீங்க?”

“சொந்தக்காரங்களைப் பார்க்க.” பிறகு மெதுவாகச் சொன்னான்: “பயமா இருக்கு.”

“எனக்கு மட்டும் என்னவாம்? கையைக் குடுங்க.”

ஒரு கை அவள் பிடியில் இருக்க, மறு கையால் கையெழுத்துப் போட்டான். அது எறும்பு ஊர்ந்த தடம்போல் இருந்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இதுவா கையெழுத்து?”

“போட்டுட்டான்ல, விடுங்க சார்!” என்றாள் அம்மா.

எதிர்க்கடையில் நால்வரும் ஆரஞ்சு ஜூஸ் குடித்தார்கள். தம்பியின் கை ஆடி, பாதி சட்டையில் கொட்டியது. எல்லோரும் பதறுவதற்குள் மணப்பெண் தன் டம்ளரையும் தன் புடவையில் கவிழ்த்துக்கொண்டாள்.

“ஜோடின்னா ஜோடியா இருக்க வேணாமா?” என்றாள்.