கப்பல்காரரின் கையெழுத்து

"சாரோட கையெழுத்து ஒத்துப் போகல மேடம்" என்று பேங்கின் அந்தச் சின்ன வயது அதிகாரி ஃபைலைத் திருப்பித் தள்ளியபோது, அவளுக்கு மயக்கம் வராத குறை. இது மூன்றாவது தடவை. முதல் தடவை சம்பளச் சான்றிதழில் முத்திரை மங்கல் என்றான். இரண்டாம் தடவை வரி ரசீதுக்கு ஜெராக்ஸ் போதாது, அசல்தான் வேண்டும் என்றான். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லித் தொலைத்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் மூன்று அரைநாள் லீவு போனதுதான் மிச்சம்.

பழைய பேங்கில் இருக்கும் வீட்டுக் கடனை, வட்டி குறைவான இந்த பேங்குக்கு மாற்ற வேண்டும். மாறிவிட்டால் தவணை இறங்கும். ஆஸ்பத்திரி கேன்டீனில் புருஷனுக்குக் கிடைத்திருக்கும் வேலையை வைத்தே கட்டிவிடலாம். மாறாவிட்டால், கப்பலில் சமையல்காரரான அவர் பத்து நாளில் மறுபடி கப்பலேற வேண்டும். போனால் ஒன்பது மாதம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம் தேறாது. இந்த வட்டிக்கு வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. இன்று புதன்.

தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும், எரிச்சலே அதில்தான். வீடு வாங்கியபோது அவர் நடுக்கடலில் இருந்தார். "கடன் பத்திரத்துல என் கையெழுத்த நீயே போட்டுடும்மா, யாரு பாக்கப் போறா" என்றார் போனில். கல்யாணப் பதிவுத் தாளில் அவர் போட்டிருந்ததைப் பார்த்துப் பழகி, பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று வாலைக் கொஞ்சம் நீட்டி, அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மகளின் மார்க் சீட், கரண்ட் இணைப்பு, காஸ் புத்தகம் எல்லாவற்றிலும் அதே வால், அதே கோடு. மனுஷர் நிஜமாகப் போடுவதோ கோழி கிளறின மாதிரி இருக்கும்.

"நாளைக்கு சார் வந்து எங்க முன்னாடி ஒரு தடவை போட்டுக் காட்டட்டும். பழசோட சேந்தா போதும்" என்று மனமிரங்கியிருந்தான் அதிகாரி.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மகளின் பழைய நோட்டை விரித்து அவரை உட்காரவைத்தாள்.

"என் கையெழுத்த நானே கத்துக்கணுமா? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். வாலை மேல தூக்காதீங்க. நிறுத்தாம ஒரே இழுப்பா இழுங்க."

"ஒரு மூட்டை வெங்காயம் குடு, கண்ண மூடிக்கிட்டு நறுக்கறேன். இது வரமாட்டேங்குதே."

"நீங்க வீட்ல இருந்திருந்தா எனக்கும் இது வந்திருக்காது."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஒன்பது பக்கம் எழுதித் தீர்த்த பிறகுதான் எழுந்தார்.

மறுநாள் அதிகாரியின் முன்னால் அவர் போட்டபோது, மடியில் இருந்த அவள் விரலும் கூடவே ஓடியது. அதிகாரி பழைய ஒப்பந்தத்தின் நகலைப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தான்.

"ம்... இப்ப சரியா இருக்கு சார்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி அவர் தினமும் வீட்டிலிருந்து வேலைக்குப் போவார், சாயங்காலம் திரும்பி வருவார். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"கூட்டுக் கடன்தானே மேடம்? சார் போட்டதுக்குக் கீழ நீங்களும் ஒண்ணு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி முத்திரையைத் தேடக் குனிந்தான்.

பேனாவை வாங்கிச் சட்டென்று போட்டுவிட்டு நிமிர்ந்தாள். புருஷனின் முகம் வெளுத்திருந்தது. தாளைப் பார்த்தாள். அவர் போட்டதற்குக் கீழே அவர் பெயரே மறுபடி, அவர் போட்டதைவிடத் திருத்தமாக, வாலும் கோடுமாக இருந்தது.

உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் மை ஈரமாகப் பட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் முத்திரையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தாளுக்காக மறு கையை நீட்டியபடி அதிகாரி காத்திருந்தான்.