எண்பத்து நான்கு தப்படி

"அறுபத்தொண்ணு. அறுபத்திரண்டு."

பால்மர் சத்தமாக எண்ணியபடி சரளைச் சாலை ஓரமாக மேற்கே நடந்தார். வயது தொண்ணூற்றொன்று. கைத்தடி இருந்தால் தப்படி கெட்டுவிடும் என்று அதை மகளிடம் கொடுத்திருந்தார். ஆர்டிஸ் ஒரு கையில் தடியும் மறு கையில் இடத்தைக் குறிக்க ஓர் இரும்புக் கம்பியுமாக, அவர் விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் பின்னால் வந்தாள்.

எண்பத்து நான்கில் நின்றார். வடக்கே திரும்பி, உறைபனி பூத்த கல்லறைப் புல்லுக்குள் இருபத்திரண்டு தப்படி வைத்தார்.

"இங்கதான்."

குழி வெட்டும் இயந்திரத்தின்மேல் உட்கார்ந்திருந்த டெல்மர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். பால்மருடைய தங்கை மகன்.

"மாமா, நீங்க ஹில்டா குண்டர்சன் மேல நிக்கிறீங்க."

"உயிரோட இருந்தப்பவும் அவ குறுக்கதான் நிப்பா." பால்மர் சிரிக்கவில்லை. "கல்ல யாரோ நகத்தியிருக்காங்க."

"அது ஒரு டன் கல்லு மாமா."

முந்தாநாள் ஆர்டிஸின் அம்மா வெர்னா இறந்துபோனாள். நாளை பதினொரு மணிக்கு அடக்கம். போன வாரம் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஆர்னே பக்கத்துல என்னை வைங்க. எடம் உங்கப்பாவுக்குத் தெரியும்."

ஆர்னே, ஆர்டிஸ் பிறப்பதற்கு முன் பிறந்தவன். 1958 நவம்பர். இரண்டு நாள் இருந்தான். பிள்ளை பெற்றவள் பத்து நாள் எழக்கூடாது என்ற காலம். பால்மர் தனியாக வந்து புதைத்துவிட்டுப் போனார். நட்ட மரச்சிலுவை சில வருடங்களில் மக்கிப்போயிற்று. ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்குக் கல்லறைப் பதிவேட்டில் அன்று இடமில்லை. வெர்னா ஒருநாளும் இங்கே வந்ததில்லை. இந்தச் சாலையில் கார் போகும்போதெல்லாம் தெற்கே, எதிர்ப்பக்கத்துச் சோளத்தைப் பார்த்துக்கொண்டே போவாள்.

"அக்கா, மேற்கால பூரா வெறும் புல்லுதான்," என்றான் டெல்மர் மெதுவாக. "எங்க வேணா தோண்டலாம். இன்னிக்கு ராத்திரி மழையாம். எனக்கு எண்பது ஏக்கர் சோயா அறுக்காம நிக்குது."

"வெறும் புல்லு இல்லடா. அதுக்குள்ளதான் அவன் இருக்கான். உன் மெஷின் பல்லு அவன் மேல பட்டுட்டா?"

டெல்மர் இயந்திரத்தை அணைத்தான்.

பால்மர் மறுபடி, எண்ணத் தொடங்கிய நாற்சந்திக்கே கிளம்பினார். அதன் நடுவே சரளைக்கு அடியில் ஓர் இரும்பு முளை இருக்கிறது. நில அளவையில் ஆறாம் கட்டத்தின் தென்கிழக்கு மூலை அது.

இங்கே எல்லாமே மூலையிலிருந்துதான் தொடங்கும். இந்த டவுன்ஷிப் ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம். மைலுக்கு ஒரு கட்டமாக முப்பத்தாறு கட்டங்கள். வடகிழக்கில் ஒன்று தொடங்கி மேற்கே ஆறு வரை போகும். அதன் கீழே ஏழு தொடங்கிக் கிழக்கே திரும்பும், ஏரில் பூட்டிய மாடு சால் முடிவில் திரும்புவதுபோல. ஆனால் பூமி உருண்டை. தெற்கு வடக்காக ஓடும் கோடுகள் வடக்கே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். தாளில் உள்ள சதுரம் தரையில் பொருந்தாது. வருகிற குறையை நில அளவையாளர்கள் வடக்கு வரிசையிலும் மேற்கு வரிசையிலும் தள்ளிவிட்டார்கள். இரண்டு வரிசையும் சேரும் மூலைதான் ஆறாம் கட்டம். அதில் எந்த நிலமும் முழு அளவு இருக்காது. பால்மரின் பண்ணையும் அதில்தான். இளவயதில் அவர் மாவட்ட அளவையாளரிடம் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தவர். அவருடைய தப்படி மூன்று அடி, முடியளவும் பிசகாது என்பார்கள்.

இரண்டாம் முறையும் ஹில்டாவின் கல்லிலேயே வந்து நின்றார்.

"நம்பர் மறக்கல ஆர்டிஸ். எண்பத்து நாலு, இருபத்திரண்டு. தெனமும் படுக்கும்போது சொல்லிப் பாத்துக்குவேன்."

அறுபத்து சொச்சம் வருடங்கள் அம்மா அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவள் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை.

ஆர்டிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். உறைபனியில் அவர் வந்த தடம் கறுப்பாகத் தெரிந்தது. ஒரு சுவடின் குதிகால் முந்தைய சுவட்டின் விரல் நுனியைக் கொஞ்சமே தாண்டியிருந்தது. டெல்மரிடம் அளவுநாடாவை வாங்கி, குனிந்து வைத்துப் பார்த்தாள். இருபத்தோரு அங்குலம்.

"அப்பா, இங்க வாங்க."

அவர் வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"என் தப்படி மூணு அடி."

"அந்தக் காலத்துல மூணு அடி."

"அது எப்படிக் கொறையும்?"

"ஆறாம் நம்பர் கட்டம் எப்படிக் கொறைஞ்சது? அந்த மாதிரிதாம்ப்பா. யாரு தப்பும் இல்ல."

அவர் குனிந்து தன் ஷூக்களைப் பார்த்தார். பிறகு தடிக்காகக் கையை நீட்டினார். முளையிலிருந்து இருநூற்று ஐம்பத்திரண்டு அடி மேற்கே, அங்கிருந்து அறுபத்தாறு அடி வடக்கே. நூறு அடி நாடாதான் இருந்தது. ஆர்டிஸ் ஒரு முனையும் டெல்மர் மறுமுனையுமாகத் துண்டு துண்டாக இழுத்து அளந்தார்கள். பால்மர் பின்னால் வந்து, "தொங்க விடாதீங்க, இறுக்கிப் பிடிங்க," என்றார்.

வந்து சேர்ந்த இடத்தில் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. டெல்மர் இயந்திரத்துப் பக்கம் போகாமல் மண்வெட்டியை எடுத்தான். புல் கட்டியைப் பெயர்த்து, மண்ணை உள்ளங்கை அளவாகச் சீவினான். ஒரு முழ ஆழத்தில் மண்ணின் நிறம் மாறியது.

"கறுப்பா வருது."

ஆர்டிஸ் மண்டியிட்டாள். கரித்துண்டுகள்.

மரக்கம்பு மக்கும், கரி மக்காது. மூலைக்கம்பு நடும்போது அளவையாளர்கள் அடியில் கரியைப் போட்டுத்தான் நடுவார்கள். கம்பு போனாலும் சாட்சி இருக்கும்.

"சிலுவைக்கு அடியில போட்டேன்," என்றார் பால்மர், ஒரு துண்டை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டே. "நம்ம ரூம் அடுப்புல இருந்து. ரெண்டு நாள் அவனுக்குச் சூடு குடுத்த அடுப்பு."

டெல்மர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சாலையைப் பார்த்தான். பிறகு ஒரு கஜம் தெற்கே தள்ளிக் குழிக்கு நாலு ஆப்பு அடித்தான்.

"இது போதுமா மாமா?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட."

அவன் ஆப்புகளைப் பிடுங்கி நகர்த்தி அடித்தான்.

மாலையில் வெர்னாவைப் பார்க்கத் தேவாலயத்துக்கு வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டு, காப்பியும் பன்றித்தொடை ரொட்டியும் இருந்த கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். வெளியே மழை பிடித்திருந்தது. திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலியில் பால்மர் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து எடுத்த கையால் வெர்னாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவரை ஒரு வாய் காப்பி குடிக்க வைக்க ஆர்டிஸ் எழுப்பியபோது, அம்மாவின் வெள்ளைச் சட்டைக்கையின் மடிப்பில் நான்கு விரல்களும் ஒரு பெருவிரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

அடக்க ஏற்பாடு செய்யும் ஆள் பதறி, ஈரத்துணியோடு ஓடிவந்தார்.

"இருக்கட்டும்," என்றாள் ஆர்டிஸ்.