களத்தில் ஒரு மழைமானி

பல்லாவரத்தில் பெய்தது. பெருங்களத்தூரில் பெய்தது. வேளச்சேரி ஏரிக்கரையில் ஆலங்கட்டியோடு பெய்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில், தேவானந்தம் குடியிருந்த வீட்டுக் களத்தில் மட்டும் ஒரு பொட்டு விழவில்லை.

"என்ன தேவா, நேத்து சாயங்காலம் எங்க தெருவுல ரெண்டு முருங்கை சாய்ஞ்சுது. உன் புனல்ல என்ன விழுந்தது?"

தாம்பரம் ஸ்டேஷனில் வண்டி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார் சுந்தர்சிங். மேற்குத் தாம்பரத்துக்காரர். பாரிமுனைக் கப்பல் கம்பெனி ஆபீசில் தேவானந்தத்துக்குப் பக்கத்து மேஜை.

"தூசி."

"தூசியை அளக்க வேற கருவி வாங்கணுமா, இல்ல இதுலயே அளந்துக்கலாமா?"

பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள். தேவானந்தம் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்தப் பத்திரிகைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். முந்தின வருடம், 1970 கோடையில், ஒரு மாலை அடித்த இடிமழையில் அவர் தெருவில் ஓடுகள் பறந்தன. சைக்கிள் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் பத்திரிகையில், மீனம்பாக்கம் மழை இல்லை, நுங்கம்பாக்கம் மழை இல்லை என்று போட்டிருந்தது. அது பொய்யில்லை. அங்கே பெய்யவில்லை. ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்தில் அளக்க ஆளில்லாததால், பெய்த மழை பெய்யாத மழையாகிவிட்டது. தேவானந்தத்துக்கு அது பொறுக்கவில்லை.

புத்தகம் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கம்பத்தின் உச்சியில் காற்றுக்குத் திரும்பும் தகரச் சேவல். நாலு கால் வைத்து வெள்ளையடித்த மரப்பெட்டி. வெயில் படாமல் காற்று மட்டும் போய்வரும்படி பக்கமெல்லாம் சாய்ந்த பலகைகள். உள்ளே இரண்டு தெர்மாமீட்டர். கடைசியாக மழைமானி. தாம்பரம் மார்க்கெட்டில் தகர வேலை செய்யும் சவுரிமுத்துவை மூன்று முறை திருத்தச் சொல்லிச் செய்து வாங்கியது. மேலே புனல், கீழே குடுவை. புனலில் விழுகிற மழை குடுவையில் சேரும். அதைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும்.

நுங்கம்பாக்கம் வானிலை அலுவலகத்தில் ஓர் அதிகாரி அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "புத்தகம் பார்த்து வச்சிருக்கேன்னு யார் வேணா சொல்லலாம் மிஸ்டர் தேவானந்தம். ஒரு கோடை மழையை ஒழுங்கா அளந்து கொண்டு வாங்க. உங்க வீட்டை நம்ம பட்டியல்ல சேர்க்கச் சொல்லி நானே எழுதறேன். ஆனா மே மாசத்தோட எனக்குப் பூனாவுக்கு மாற்றல். அடுத்து வர்றவர் இதைக் காதுல வாங்குவாரான்னு தெரியாது."

ஒரே ஒரு மழை. அதுதான் வேண்டும். மே முடிய சொற்ப நாள்தான் இருந்தது.

இதற்கு நடுவில் தாயாரம்மாள்.

தாயாரம்மாளும் அவள் கணவர் சம்பந்தமும் வீட்டுக்காரர்கள், முன்கட்டில் இருந்தார்கள். நிலமெல்லாம் மனையாகிவிட்டாலும் பின்பக்கம் நெல்லடித்த சிமெண்டுக் களம் அப்படியே இருந்தது. மரம், சுவர் எதுவும் கிட்டே இல்லாத இடம் அது ஒன்றுதான். மழைமானிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. தாயாரம்மாளின் கூழ் வடாத்துக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை.

"இன்னா சார், நடுக்களத்துல புனல நட்டு வச்சிகினு கீறீங்க? நான் எங்க பாய் போடறது?"

"கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்கம்மா. மழைக்காகத்தான் வச்சிருக்கேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது, கூழ்ச் சட்டியும் கையுமாக வழிமறித்தாள். "சார், இன்னிக்கி மழ வருமா? பாத்து சொல்லுங்க."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவ்ளோ சாமான் வச்சிகினு தெரியாதுன்றீங்களே!"

இது வேறு விஷயம் என்று சொல்லிவிட்டு வண்டியைப் பிடிக்க ஓடினார். விளக்க நேரமில்லை. ஒருநாள் அவள் விடவேயில்லை. "வராதும்மா, போடுங்க" என்று வாய்தவறிச் சொன்னார். மத்தியானம் ஒரு காற்று அடித்து, பாயும் வடாமும் பக்கத்து மனை முள்ளில் போய் ஒட்டிக்கொண்டன. மழை மட்டும் வரவில்லை. அடுத்த தடவை, "வரும் போலிருக்கு" என்றார். பொழுதெல்லாம் வெயில் கொளுத்தியது. கிளறிய கூழ் புளித்துப்போனது.

"டீச்சர், உங்க வூட்டுக்காரர் சாமான எடுத்து உள்ள வைக்கச் சொல்லுங்க. எங்க கோழி இதவிட நல்லா சொல்லும்" என்று ஜெயசீலியிடம் வந்து நின்றாள் தாயாரம்மாள்.

ஜெயசீலி பள்ளிக்கூட டீச்சர். கோடை விடுமுறை. "ஏங்க, வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு ஏன் இந்த வம்பு?" என்றாள் கணவரிடம்.

"ஒரு மழை ஜெயசீலி. ஒரே ஒரு மழை. அது வரலேன்னா நானே புடுங்கிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சு மாறியது. தாயாரம்மாள் பெரும்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். களம் நிறைய வடாம். தகரச் சேவல் திடீரென்று மேற்கே திரும்பியது. புழுதி கிளம்பியது. தேவானந்தம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாய் பாயாகச் சுருட்டி எல்லாவற்றையும் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு மூச்சிரைக்க மழைமானியின் முன்னால் வந்து குந்தினார். புனலில் தடித்தடியாகச் சில துளிகள் விழுந்தன. அவ்வளவுதான். மேகம் வடக்கே நகர்ந்து வேறு யாருக்கோ பெய்தது. குடுவை ஈரமாகக்கூட இல்லை.

அவர் கசந்துபோய் உட்கார்ந்திருக்க, திரும்பிவந்த தாயாரம்மாளுக்கோ கண் கலங்கிவிட்டது. "ஒரு வருசத்து வடாம் சார்! எங்க வூட்டு ஆம்பளகூட இதத் தொடமாட்டாரு. இனிமே உங்க சாமானுக்கு நான் பொறுப்பு. நீங்க நிம்மதியா ஆபீசுக்குப் போங்க."

அதோடு களத்துத் தகராறு தீர்ந்தது. மழைதான் வரவில்லை.

அதிகாரி நாளை மாலை பூனாவுக்கு ரயிலேறுகிறார் என்ற நிலையில், அன்று ஆபீஸ் விட்டுத் திரும்பும்போது மீனம்பாக்கம் தாண்டியதும் தேவானந்தம் ஜன்னலுக்குத் தாவினார். திருநீர்மலைக்குப் பின்னால் வானம் தார்ச்சட்டி மாதிரி இருந்தது. கோபுரத்துக்கு மேலே மின்னல் கிளைகிளையாக இறங்கியது. மேகம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. நேராக ராஜகீழ்ப்பாக்கம் பார்த்து.

"வருது சிங்! இது நம்ம பக்கம்தான் வருது!"

"வரட்டும்பா. என் குடை வீட்டுல கிடக்கு" என்றார் சுந்தர்சிங்.

சானடோரியம் தாண்டியதும் மழை பெட்டியை அறைந்தது. எங்கோ ஓர் இடி. விளக்கு அணைந்தது. வண்டி நின்றது. ஜன்னல்களை இழுத்துவிட்டு எல்லோரும் ரயில்வேயைத் திட்டினார்கள். தேவானந்தம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். மழைமானிக்கு ஆள் துணை வேண்டாம். அதன் அழகே அதுதான். யார் இல்லாவிட்டாலும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

"மழையில மாட்டிக்கிட்டு சிரிக்கிற ஒரே ஆளு நீதான்யா. சரி, இன்னிக்காவது தூசியில்லாம அளந்துட்டு வா."

மழை விட்டும் வண்டி நகரவில்லை. தேவானந்தம் குதித்து, தண்டவாளத்தின் ஓரமாக நடந்து, தாம்பரத்தில் சைக்கிளை எடுத்தார். வழியெல்லாம் வேப்பங்கிளைகள். பள்ளங்களில் சக்கரம் பாதி முங்கியது. முங்க முங்க அவருக்குச் சந்தோஷம். நாற்பது மில்லிமீட்டர் இருக்கும். ஐம்பதுகூட இருக்கலாம்!

சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் அப்படியே போட்டுவிட்டுக் களத்துக்கு ஓடினார்.

மழைமானியைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய அண்டா கவிழ்ந்திருந்தது. காற்றில் புரளாமலிருக்க அதன் மேல் அம்மிக் குழவி. மரப்பெட்டிக்குக் கோணிப்பை போர்த்தி, கயிறு கட்டியிருந்தது.

பின்வாசலில் தாயாரம்மாள் தலைமுடி சொட்டச் சொட்ட நின்றாள். முகமெல்லாம் பெருமை.

"பயந்துட்டீங்களா சார்? மொத இடி இடிச்சதுமே ஓடியாந்து மூடிட்டேன். வடாத்தகூட அப்பறமாத்தான் எடுத்தேன். ஒரு சொட்டு உள்ள போவல சார்!"

தேவானந்தம் குழவியை இறக்கினார். அண்டாவைப் புரட்டினார். குடுவையை எடுத்துக் கவிழ்த்தார். உண்மைதான். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

"அம்மா... இதை ஏம்மா மூடினீங்க? இதுல மழை விழணும்மா. விழுந்தாத்தானே அளக்க முடியும்!"

"அளக்கறதா?" தாயாரம்மாளின் முகம் சுருங்கியது. "வரப்போற மழைய சொல்ற சாமான்னு இல்ல நெனச்சேன்? வந்தப்பறம் அதுக்கு இன்னா வேலைன்னுதான் மூடினேன். நீங்க ஒரு வார்த்த சொல்லலியே சார்."

சொல்லவில்லைதான். தினமும் வண்டியைப் பிடிக்க ஓடினார்.

அவர் கண் சுற்றும்முற்றும் அலைந்தது. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு; மழை வந்தால் வீட்டிலுள்ள பாத்திரமெல்லாம் வெளியே வரும். கூரை ஓரத்தில் குடங்கள், தவலைகள். அவை உதவாது; ஓட்டுத் தண்ணீர் அது. வானத்திலிருந்து நேராக விழுந்ததுதான் கணக்கு. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்று திறந்தவெளியில் இருந்தால் போதும். ஸ்கேலை விட்டே ஆழத்தைப் பார்த்துவிடலாம். களத்தின் நடுவில் கழுவிக் கவிழ்த்த பெரிய பிஸ்கட் டின் ஒன்று பளபளத்தது. சதுரம். நேரான பக்கங்கள்.

"இது... இது மழையில இருந்துதா? இங்கயே? நிமிர்ந்து?"

"ஆமா, ஆரம்பத்துலேர்ந்து. ஓட்டுத் தண்ணி அழுக்கு. சமையலுக்கு இதுலதான் புடிப்பேன்."

"அந்தத் தண்ணி எங்கம்மா?"

"உலையில ஊத்திட்டேன் சார். மழத் தண்ணியில பருப்பு வெண்ணயா வேவும். டீச்சர் மாதாகோயில்லேர்ந்து வர நேரமாவும்னு உங்களுக்கும் சேத்துத்தான் கொழம்பு வச்சிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள். "வந்த மழைய அளந்து இன்னா சார் பண்ணுவீங்க?"

தேவானந்தத்துக்குப் பதில் இருந்தது. ஒரு வருடமாகச் சேர்த்துவைத்த பதில். ஆனால் அவர் குனிந்து குடுவையைப் புனலுக்குக் கீழே திரும்ப வைத்தார்.

விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாள் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு ஜெயசீலி வந்தபோது, அவர் ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நாற்பதுன்னு போட்டுக் கொண்டு போங்களேன். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். ஆளாளுக்கு ஒரு நம்பர் போடறதா இருந்தா அந்தப் புனல் எதுக்கு?" என்று சீறினார். அவள் தட்டை எடுத்து வைத்தாள். தாயாரம்மாள் கொடுத்தனுப்பிய குழம்பைச் சோற்றில் ஊற்றினாள். பருப்பு வெண்ணெயாகத்தான் வெந்திருந்தது. அது அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை வண்டியில் இடம் பிடித்து வைத்திருந்தார் சுந்தர்சிங். நுங்கம்பாக்கம் வந்தது. காலை மடக்கி வழிவிட்டு, "இறங்கலியா? ஆபீசரைப் பாக்கணும்னியே" என்றார்.

தேவானந்தம் அசையவில்லை. வண்டி கிளம்பியது.

"என்னப்பா இது! நேத்து அப்படிக் கொட்டுச்சே. சொல்லு, உன் களத்துல எவ்வளவு விழுந்துது?"

தினமும் சிரிக்கிற அந்த நாலு பேரும் திரும்பினார்கள். தேவானந்தம் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார்.

"நாலு பேர் வயிறாரச் சாப்பிடற அளவு" என்றார்.