பின்மண்டையில் மூன்று தையல்

தென்காசி மாவட்டத்தில், ஒரு முகத்தை ஒரே தடவை பார்த்துவிட்டு ஆயுளுக்கும் மறக்காத ஆள் நான் ஒருவன்தான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தகவலாகக் குறித்துக்கொள்ளவும்.

குற்றாலத்தில் ஷெர்லின் என்ற டீச்சரின் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடினான். என்னோடு குளிக்க வந்து அருவியில் நின்ற என் வகுப்புத் தோழன் குமரகுரு அதைப் பார்த்திருந்தான். மறுநாள் அவன் போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்லப் போனபோது துணைக்கு நானும் போனேன். பிடிபட்டிருந்தவர் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் பலவேசம். அவர் படம் அதற்குள் 'திருடன்' என்ற பட்டத்தோடு எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிட்டது.

சட்டை போட்டுத் தலைவாரி நின்றவரை டீச்சருக்கு அடையாளம் தெரியவில்லை. பார்த்தபோது ஆள் நனைந்திருந்தானாம். எஸ்.ஐ. யோசித்தார். சட்டையைக் கழற்ற வைத்து, கக்கூஸ் வாளித் தண்ணீரை அவர் தலையில் ஊற்றச் சொன்னார். முடி நெற்றியில் ஒட்டியது. பினாயில் வாடை அடித்தது. சீசனில் அருவிக்கடியில் நிற்கிற அத்தனை பேருக்கும் அந்த முகம்தான்.

டீச்சர் போனில் இருந்த படத்தைப் பார்த்தார். பலவேசத்தைப் பார்த்தார். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. லேசாகத் தலையசைத்தார்.

"இவன்தான் சார்."

குமரகுருவும் அதே வரிசையில் பார்த்து அதையே சொன்னான்.

"ஒனக்குக் கண்ணு எதுக்குலே, ஒரு ஜெராக்ஸ் மெஷினை அனுப்பியிருக்கலாம்லா" என்று அவன் காதில் சொன்னேன்.

அப்போது பலவேசம் என்னைக் கைகாட்டினார்.

"சார், சங்கிலி போன நேரம் இந்தத் தம்பிக்குத்தான் எண்ணெய் தேச்சுக்கிட்டிருந்தேன். பின்மண்டையில மூணு தையல் போட்ட தழும்பு இருக்கும், தடவிப் பாருங்க. தம்பி, என்னைத் தெரியுதுல்லா?"

தழும்பு இருக்கிறது. முடிக்குள் இருப்பதால் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்று டீச்சர் போட்ட சத்தம் கேட்டபோது என் தலை யாரோ ஒருவர் கையில்தான் இருந்தது. எண்ணெய் உள்ளே இறங்கும் என்று நான் கண்ணைத் திறக்கவில்லை. எழுந்து காசு நீட்டியபோதும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"தழும்பு கெடக்கட்டும். மொகத்தைப் பாத்துச் சொல்லு. இவனா ஒனக்குத் தேச்சது?" என்றார் எஸ்.ஐ.

பலவேசத்தின் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் போனை எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தேன்.

எஸ்.ஐ. லேசாகத் தலையை இடமும் வலமும் அசைத்தார்.

"இவர் இல்ல சார்" என்றேன், பின்மண்டை முடியை நன்றாக அழுத்தி விட்டுக்கொண்டே.